கார்க்ஸ்க்ரூ சதுப்புக்காட்டின் பலகைப் பாதை

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தென்மேற்கில் உள்ள கார்க்ஸ்க்ரூ சதுப்புக்காட்டில், நீர்மட்டத்துக்கு மேலே சுமார் 3.6 கிலோமீட்டர் சுற்றிவரும் பலகைப் பாதையில் இன்று முதியோரும் குழந்தைகளும் சிரமமின்றி நடக்கின்றனர். ஆனால் அந்தக் காடு எஞ்சியதே இரண்டு அழிவுகளைத் தாண்டித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேல்நாட்டுப் பெண்களின் தொப்பிகளை அலங்கரிக்க வெண்கொக்கின் இறகு தேவைப்பட்டது. அவ்விறகு இனப்பெருக்கப் பருவத்தில் மட்டுமே முதுகில் வளர்வதால், வேடர்கள் கூட்டிலிருந்த தாய்ப்பறவைகளையே சுட்டனர்; குஞ்சுகள் பசியால் மடிந்தன. இக்கொடுமையைத் தடுக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபன் சங்கம் காவலர்களை அமர்த்தியது. அவர்களுள் ஒருவரான கை பிராட்லி 1905-இல் புளோரிடாவின் தென்கோடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1912 முதல் கார்க்ஸ்க்ரூவின் கொக்குக் கூடுகளுக்கும் காவல் இடப்பட்டது.

அடுத்து வந்தது கோடரி. நீரில் எளிதில் உளுத்துப்போகாத சைப்ரஸ் மரத்துக்காக (இது குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் ஊசியிலை மரவகை) இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் மாநிலத்தின் பழமையான சைப்ரஸ் காடுகள் பெரும்பாலும் வெட்டித் தீர்க்கப்பட்டன. 1954-இல் பொதுமக்களும் அமைப்புகளும் திரண்டு கார்க்ஸ்க்ரூவை மீட்டதனால், பல நூற்றாண்டு வயதுடைய மரங்கள் பிழைத்தன; வட அமெரிக்காவில் எஞ்சியுள்ள முது சைப்ரஸ் காடுகளில் மிகப் பெரியது இதுவே.