கட்டுரை மதிப்பீட்டாளர் கடமையும் உரிமையும்: வாட்டர்ஸ்டன் வரலாறு

நூலொன்று அரங்கேறுமுன் வல்லார் ஒருவர் அதனைக் கேட்டு ஆராய்தல் தமிழ்நாட்டுப் பழவழக்காகும். தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் அதங்கோட்டாசானைக் குறிக்கின்றது. அந்நூலைக் கேளற்க என அகத்தியர் அவரைத் தடுத்தார் என்றும், கேளாதிருக்கவும் இயலாத அவர் இடந்தோறும் குற்றங்கூறினார் என்றும், தொல்காப்பியர் அனைத்திற்கும் விடையிறுத்தார் என்றும் நச்சினார்க்கினியர் உரைக்கின்றார். இது வரலாறாகுமா என்பது வேறு வினா. குற்றங்காணவே கேட்டவர் முன்னும் நூல் நின்றது. ஆசிரியர் அவையிலிருந்து விடைகூறப் பெற்றமையே அதற்குக் காரணம் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இவ்விடம் மறுக்கப்பட்டால் விளைவது யாது? இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆவணங்கள் அதனைக் காட்டும். அக்கழகம் கட்டுரைகளைத் தேர்தற்கு 1752இல் ஒரு குழுவை அமைத்தது. ஹுவெல் என்பாரின் தூண்டுதலால், எழுத்துவடிவில் மதிப்பீட்டறிக்கை பெறும் முறை 1830களின் தொடக்கத்தில் வந்தது. அறிக்கைகளை வெளியிடுதல் வேண்டும் என்பதே அவர் முதற்கருத்து. நாளடைவில் அவை மறைபொருளாயின.

1845ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாயிலிருந்து ஒரு கட்டுரை அக்கழகத்திற்கு வந்தது. எழுதியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்க்கு ஆசிரியராயிருந்த ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன். வளியின் அழுத்தம் அதன் நுண்துகள்களின் இயக்கத்தால் விளைவது, வெப்பநிலை அவ்வியக்க ஆற்றலின் அளவு என்பன அவர் கொள்கை. பல வளிகள் கலந்தவிடத்து ஒவ்வொரு வகைத் துகளின் சராசரி இயக்க ஆற்றலும் ஒத்திருக்கும் என்றும் அவர் கண்டார். மதிப்பிட்ட இருவர் பேடன் பவலும் லபக்கும் ஆவர். முன்னவர் அடிப்படையே ஏற்கத்தக்கதன்று என்றார். பின்னவரோ கட்டுரை வெறும் பொருளற்ற பேச்சு, அவையில் படிக்கவும் தகாதது என எழுதினார். எனினும் 1846 மார்ச்சில் அது படிக்கப்பட்டது. சிறு சுருக்கம் மட்டும் அச்சேறியது.

படிக்கப்பட்ட கட்டுரை கழகத்தின் உடைமை என்பது விதி. வாட்டர்ஸ்டனிடம் வேறு படி இல்லை. ஆகவே மறுக்கப்பட்ட கட்டுரையைப் பிறிதோரிடத்தில் வெளியிடவும் அவரால் இயலவில்லை. இது மதிப்பீட்டாளர் தவறன்று, விதியின் கொடுமை. ஆயினும் அவர் சொல்லின் எடையைப் பன்மடங்காக்கியது அவ்விதியே.

கிரோனிக் 1856இலும், கிளாசியஸ் 1857இலும், மாக்ஸ்வெல் 1860இலும் இத்துறையில் எழுதிப் புகழ்பெற்றனர். கழகச் செயலராயிருந்த ராலே பிரபு, 1858இல் வாட்டர்ஸ்டன் எழுதிய ஒலிபற்றிய கட்டுரையில் கண்ட குறிப்பைப் பின்பற்றி, 1891இல் ஆவணக்களரியில் மூலப்படியைக் கண்டெடுத்து அடுத்த ஆண்டில் அச்சிட்டார். அது வெளிவராமையால் இத்துறை பத்துப் பதினைந்தாண்டு பின்தங்கியது என்பது அவர் கணிப்பு.

மதிப்பீட்டாளர் அக்காலத்துத் தகுதிமிக்கவர் என ராலே ஒப்புகின்றார். எனவே கல்விக்குறைவு காரணமன்று. லபக் தம் கருத்தைக் கூறியது உரிமையே; காரணங்காட்டாது இகழ்ந்தது கடமை தவறியதாகும். ஐயமிருப்பின், இஃது என் துறையன்று என விலகும் உரிமையும் அவர்க்கு இருந்தது. பெயர் மறைத்து எழுதுதலை யாம் குறைகூறவில்லை. வலியார் சினத்திற்கு அஞ்சாது உண்மை கூற அஃது உதவும். ஆனால் மறைந்திருப்பார் கூறும் குற்றத்தை ஆசிரியர் அறியவும், விடைகூறவும், தம் படியை மீளப் பெறவும் வழியின்றேல், அம்மறைவு ஒருபுறச் சலுகையாய் முடியும்.

ராலே இறுதியில் ஓர் அறிவுரையும் தருகின்றார். பெயரறியா இளைஞர் புதுக்கொள்கைகளை வேறு வாயிலாக வெளியிடுதலும், முதலில் சிறு ஆய்வுகளால் பெயர்பெறுதலும் நன்று என்பது அது. அவ்வளவு பெரியார் கூற்றேனும் இதனை ஏற்க எம் மனம் ஒருப்படவில்லை. பம்பாயிலிருந்த ஆசிரியர்க்கு வேறெந்த வாயில் திறந்திருந்தது? அச்சேறிய தம் கட்டுரையை வாட்டர்ஸ்டன் காணவுமில்லை. அவர் 1883இலேயே மறைந்துவிட்டார்.