மாடு மேய்ஞ்ச காடும் குரங்குக் காய்ச்சலும்

மாடு வச்சிருக்கிறவங்களுக்கு உண்ணி புதுசில்ல. சாயங்காலம் மாட்டைக் கட்டினதும் காது, மடி, வாலடின்னு தடவிப் பார்த்துப் பிடுங்கிப் போடுவோம். அந்த உண்ணியால வந்த ஒரு காய்ச்சலோட கதை இது.

1957ஆம் வருஷம். கர்நாடகத்துல ஷிமோகா மாவட்டம், சொரபா தாலுகா, கியாசனூர் காடு. அங்கே குரங்குங்க வரிசையா செத்து விழுந்துச்சு. பக்கத்து ஊர் ஜனங்களுக்கும் கடுமையான காய்ச்சல், உடம்புவலி. சிலருக்கு மூக்குலயும் ஈறுலயும் ரத்தம். பூனா வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்காரங்க மஞ்சள் காய்ச்சலா இருக்குமோன்னு முதல்ல சந்தேகப்பட்டாங்க. ஆராய்ஞ்சப்போ அது வேற, புது வைரஸ். பரப்புறது காட்டு உண்ணி. ஜனங்க வச்ச பேரு குரங்குக் காய்ச்சல்.

ஆனா குரங்கும் நம்மளை மாதிரி மாட்டிக்கிட்ட ஜீவன்தான். அங்கே வேலை பார்த்த கொலம்பியா நாட்டு விஞ்ஞானி போஷெல் 1969ல எழுதினதுல வேற ஒரு காரணம் இருக்கு. ஊர்ல ஜனம் பெருகிச்சு, காட்டை வெட்டி வயலாக்கினாங்க, மாட்டை மிச்சக் காட்டுக்குள்ள ஓட்டினாங்க. வளர்ந்த உண்ணிக்கு மாட்டு ரத்தம் விருந்து. குடிச்சுட்டுக் கீழே விழுந்து ஆயிரக்கணக்குல முட்டையிடும். மாட்டுக்கு நோய் வராது. உண்ணி மட்டும் பெருகும். அந்தக் குஞ்சு உண்ணிங்க எலியையும் குரங்கையும் கடிக்கும். குரங்கு செத்தா, அது மேல இருந்ததெல்லாம் அங்கேயே உதிரும். விறகுக்குப் போறவங்க அதுலதான் கால் வைக்கிறாங்க.

1982-83ல தட்சிண கன்னடத்துல பெல்தங்கடி பக்கமும் இதே கதை. முந்திரித் தோப்பு போடக் காட்டை அழிச்சாங்க. காய்ச்சல் பரவி நிறைய உயிர் போச்சு. 2012ல பந்திப்பூர்லயும் நம்ம முதுமலைப் பக்கமும் செத்த குரங்குல அந்த வைரஸ் இருந்துச்சு. அப்புறம் வயநாடு, கோவா, மகாராஷ்டிரான்னு போயிடுச்சு.

மாட்டுக்காரனைக் குத்தம் சொல்றது சுலபம். மேய்ச்சல் புறம்போக்கெல்லாம் போனபிறகு மாட்டை எங்கே ஓட்டுவான்? நானும் மாட்டுக்காரன்தான், பதில் தெரியாமத்தான் கேக்குறேன்.

காட்டுப் பக்கம் சுத்திப் பார்க்க வர்ற நீங்க, செத்த குரங்கைப் பார்த்தா கிட்டப் போகாதீங்க. வனத்துறைக்குச் சொல்லிடுங்க. திரும்பினதும் குளிச்சு, உடம்பையும் துணியையும் நல்லாப் பாருங்க. மாட்டுக்குப் பார்க்குற மாதிரியேதான்.