இறங்குதுறைக்குப் பிறகு

மலாயாவுக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் போன தமிழர்களைப் பற்றி நம்மிடம் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. அவர்களில் திரும்பி வந்தவர்களைப் பற்றி அநேகமாக ஒன்றுமில்லை. காரணம் எளிது. போகிறவனை எண்ணுவதற்கு ஆள் இருந்தது. மலாயாவுக்கு ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள், இலங்கைக்கு மண்டபம். பெயர், ஊர், வயது எல்லாம் பதிவாயின. திரும்புகிறவனையும் எண்ணினார்கள், கப்பலிலிருந்து இறங்கும்வரை. இறங்கியதும் அவன் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறான். ரயிலேறித் தென்காசியில் இறங்கி, மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான் என்பதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை.

அந்த மறுநாள் காலையைப் பற்றித்தான் எனக்குத் தெரிந்த அளவில் எழுத நினைக்கிறேன். எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. என் அம்மாவைப் பெற்ற தாத்தா 1931-ல் மலாயாவிலிருந்து திரும்பினார். நான் 2009-ல் துபாயிலிருந்து திரும்பினேன். இருவரும் வந்து இறங்கியது ஒரே ரயில் நிலையத்தில். அவர் இறங்கியபோது காசி விசுவநாதர் கோயில் கோபுரம் பிளந்து நின்றது. நான் இறங்கியபோது முழுசாக இருந்தது. அதைத் திரும்பக் கட்டி 1990-ல் குடமுழுக்கும் செய்துவிட்டார்கள். மற்றபடி பெரிய வித்தியாசம் இருந்ததாகச் சொல்ல முடியவில்லை.

தாத்தா போனது 1924-ல், பக்கத்து ஊர்க் கங்காணி ஒருவரோடு. பெராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். 1925-ல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் நான்கு ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. அமெரிக்காவில் மோட்டார் கார் விற்பது நின்றது. கார் நின்றால் டயர் நிற்கும். டயர் நின்றால் பெராக்கில் மரம் வெட்டுகிறவன் நிற்க வேண்டும். 1932-ல் அதே ஒரு பவுண்டு இரண்டு பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆண் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றிருந்த கூலி 40 ஆகி, பிறகு அதற்கும் கீழே போயிற்று. ஆட்களைக் குறைத்தார்கள். குறைத்த ஆட்களைத் தோட்டத்திலேயே விட்டுவைத்தால் சோறு போட வேண்டும், கலகம் வரலாம். எனவே ஊருக்கு அனுப்பினார்கள். முதலாளிகளிடம் தீர்வை வாங்கி நடத்தப்பட்ட இந்தியக் குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. 1930-லிருந்து மூன்று வருஷத்துக்குள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்து சேர்ந்தார்கள்.

இதை அன்றைய அறிக்கைகள் ஒரு உபகாரமாகவே எழுதுகின்றன. வேலையில்லாதவனுக்கு இலவசமாகக் கப்பல். ஆனால் இந்த உபகாரத்தின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆலை மூடினால் வேலையிழந்தவனுக்கு அந்த நாட்டு சர்க்கார் ஏதோ ஒரு தொகை கொடுக்க வேண்டியிருந்தது. மலாயாவில் அந்தச் செலவு கிடையாது. ஒரு கப்பல் டிக்கெட்டோடு பொறுப்பு தீர்ந்தது. மீதியைத் தென்காசித் தாலுகாவில் ஏதோ ஒரு மண்சுவர் வீடு பார்த்துக்கொள்ளும். தோட்டத்தின் லாபம் ஓரிடத்தில் எழுதப்பட்டது. அதன் வேலையில்லாத நாட்கள் வேறிடத்தில், எழுதப்படாமல் கழிந்தன. ரப்பர் அவ்வளவு மலிவாக விளைந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

அந்த மண்சுவர் வீட்டின் நிலைமை என்ன? நெல் விலை அந்த மூன்று வருஷத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. தீர்வை மட்டும் பணமாக, பழைய கணக்கிலேயே கட்ட வேண்டும். பாதி விலைக்கு விற்கிறவன் இரண்டு மடங்கு நெல்லை விற்றால்தான் அதே தீர்வை. அதைவிட மோசம், கடன் நின்றது. விதைக்கும் நடவுக்கும் கொடுக்கிறவர்கள் கொடுக்கவில்லை; கொடுத்ததைத் திரும்பக் கேட்டார்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. வீட்டுப் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தது கடைவீதிக்கு வந்து, பம்பாய் வழியாகக் கப்பலேறியது. தாத்தா இறங்கிய அதே வருஷத்தில் ஆச்சியின் பாம்படம் ஏறிற்று. கடன் நிவாரணச் சட்டம் வந்தது 1938-ல். அதற்குள் இழக்க வேண்டியதை இழந்தாயிற்று.

ஆக வெளியே வேலை போனதும் உள்ளே வேலை இல்லாமற்போனதும் ஒரே காரணத்தால், ஒரே சமயத்தில். திரும்பி வருகிறவனுக்கு எப்போதும் இப்படித்தான் நேர்கிறது. ஊரில் வேலை நன்றாக இருக்கும் காலத்தில் யாரும் அவனைத் திருப்பி அனுப்புவதில்லை.

தாத்தாவுக்குத் தெரிந்த தொழில் பால்மரம் வெட்டுவது. பட்டையைக் காயப்படுத்தாமல், இருட்டோடு போய், சரிவாக ஒரு கீறல். ஏழு வருஷம் பழகிய கை. தென்காசியில் அந்தக் கைக்கு என்ன மதிப்பு? இங்கே வயல், கார், பிசானம் என்று இரண்டு போகம். வயலில் ஏற்கெனவே ஆள் மிகுதி. முதல் வருஷம் அவர் குற்றாலத்தில் சீசன் வேலை பார்த்தார். சாரல் காலத்தில் ஜமீன்தார்களும் வக்கீல்களும் வந்து தங்கும் பங்களாக்களில் தண்ணீர் சுமப்பது, விறகு பிளப்பது. மூன்று மாதம். பிறகு அதுவும் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் இருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு 1904-லிருந்தே ரயில். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்; 1956 நவம்பரில்தான் அது சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தென்காசியிலிருந்து ஐந்து மைல் போனால் வேறு ராஜா, வேறு காசு. ஆனால் 1931-ல் புனலூர்ப் பக்கத்து ரப்பரும் பெராக் ரப்பரைப் போலவே விலையற்றுக் கிடந்தது. 1934 மே மாதம் ரப்பர் விளையும் நாடுகளை ஆண்ட சர்க்கார்கள் உற்பத்தியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்தன. இந்தியாவும் அதில் சேர்ந்தது. விலை கொஞ்சம் எழுந்தது. அதற்குப் பிறகுதான் தாத்தா மலை தாண்டிப் பால் வெட்டப் போனார்.

இதில் ஒரு ஒழுங்கை நான் மிகவும் தாமதமாகக் கண்டுகொண்டேன். ஆனி, ஆடியில் மேற்கே பெருமழை; மரத்தில் கத்தி வைக்க முடியாது. அதே மழையின் மிச்சம்தான் மலை தாண்டிக் குற்றாலத்தில் சாரலாக விழுகிறது, சீசன் ஆரம்பம். தையை ஒட்டி ரப்பர் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும். அதையடுத்து இந்தப் பக்கம் பிசான அறுவடை. அங்கே வேலை நிற்கும் நாட்களில் இங்கே கொஞ்சம் வேலை. மூன்று துண்டுகளை ஒட்டி ஒரு வருஷம் செய்துகொண்டார் அவர். பொருளாதாரப் புத்தகங்களில் இதற்குப் பெயர் இல்லை. அம்மா சொல்வாள்: 'எங்க அய்யாவுக்கு வேலையில்லாத மாசம் கிடையாது. வேலையுள்ள வருசமும் கிடையாது.'

துண்டுகளுக்கு நடுவே இடைவெளிகள் இருந்தன. 1931-லிருந்து 1934 வரை இருந்ததில் பெரும்பகுதி இடைவெளிதான். அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது ஆச்சி நெல் குத்தப் போனதால். கூலி குருணையும் தவிடும். அரிசி ஆலைகள் பெருகி அந்த வேலையும் குறைந்துகொண்டிருந்த காலம் அது. யாரும் அதைப் பதியவில்லை. பின்கட்டில் கிடந்த உரலைத் தவிர அதற்குச் சாட்சி இல்லை.

நம் இலக்கியத்தையும் கேட்டுப் பார்க்கலாம். 1930களின் குற்றாலம் என்றதும் நமக்கு ரசிகமணி டி.கே.சி.யும் கம்பனும் விருந்தும் ஞாபகத்துக்கு வருகின்றன. அதைக் குறையாகச் சொல்லவில்லை; அதுவும் நடந்ததுதான். ஆனால் விருந்தாளிகளின் பங்களாக்களில் தண்ணீர் சுமந்தவன் போன வருஷம் பெராக்கில் இருந்தானா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. புதுமைப்பித்தன் ஒரு விதிவிலக்கு. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இலங்கைத் தோட்டத்துக்குப் போனதை அவர் 1935-லேயே 'துன்பக்கேணி'யில் எழுதிவிட்டார். அவரும் 1931-ல் பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர் என்பது இங்கே பொருத்தமில்லாத விஷயமல்ல. ப. சிங்காரம் மேடானிலிருந்து 1946-ல் திரும்பி, மதுரையில் ஒரு பத்திரிகை ஆபீசில் காலம் கழித்தார். ஆனால் அவருடைய இரண்டு நாவல்களும் பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கமே நிகழ்கின்றன. 'புயலிலே ஒரு தோணி'யின் நாயகன் ஊர் வந்து சேர்வதில்லை. வந்து சேர்ந்திருந்தால் அந்த நாவலை எப்படி முடிப்பது என்பது எனக்கு இன்னும் விளங்காத கேள்வி. புறப்பாட்டில் காவியம் இருக்கிறது. திரும்பியவன் கடைகடையாக ஏறி இறங்குவதில் என்ன இருக்கிறது?

இப்போது என்னுடையது. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் திவாலாயிற்று. சில மாதங்களில் துபாயில் பாதி எழும்பிய கட்டிடங்கள் அப்படியே நின்றன. நான் ஒரு கட்டிடக் கம்பெனியில் அளவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வேலை போனால் விசா போகும். அப்போது ரத்தானதிலிருந்து முப்பது நாள். தாத்தாவுக்குக் கொடுத்தது கப்பல் டிக்கெட், எனக்குக் கொடுத்தது விமான டிக்கெட். கணக்கு ஒன்றே.

2009 பிப்ரவரியில் தென்காசி. தெருவில் மூன்று கேள்விகள் உண்டு. 'எப்பம் வந்த?' 'லீவு எத்தன நாளு?' 'எப்பம் திரும்பப் போற?' கேட்கிறவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. நாலாவது கேள்வி ஒன்று இல்லாததுதான் பிரச்சினை. ஊரின் பாஷையில் வெளிநாட்டிலிருந்து வந்தவன் லீவில் வந்தவன்தான். நான் 'ரெண்டு மாசம்' என்றேன். ரெண்டு மாசம் முடிந்ததும் 'நீட்டியிருக்கேன்' என்றேன். நாலு மாசம் இந்தப் பொய்யைக் காப்பாற்றினேன். காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளியே போவேன். ஆலங்குளம், கடையநல்லூர், செங்கோட்டை என்று சுற்றி, கடைகளிலும் மில்களிலும் கணக்கெழுத ஆள் வேண்டுமா என்று கேட்பேன். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். 'துபாய்ச் சம்பளத்துக்கு நாங்க எங்க போறது தம்பி' என்றார்கள். குறைந்த சம்பளத்துக்கு வருகிறேன் என்றால் சந்தேகப்பட்டார்கள். வெளியே வாங்கிய சம்பளமே இங்கே எனக்கு எதிரான சாட்சியாயிற்று. ஜூனில் சீசன் வந்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிஜிஸ்தர் எழுதினேன். அது முடிந்தபின் செங்கோட்டையில் ஒரு மர அறுப்பு மில்லில் கணக்கு. இன்றும் அங்கேதான்.

அப்போது ஒரு விஷயம் உறைத்தது. தாத்தா கடைசிவரை 'மலேயாவிலேருந்து வந்தேன்' என்றுதான் சொல்லியிருக்கிறார். 'அனுப்பிட்டாங்க' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகப்போவதாகவே ஊரில் பேசி வந்தாராம். 1934-ல் குடியேற்றம் திரும்பவும் கொஞ்சம் திறந்தது, போகவில்லை. 1938-ல் இந்திய சர்க்கார் அதை மூடிற்று. 'மூடிட்டாங்களே, இல்லேன்னா போயிருப்பேன்' என்று அதற்கப்புறம் சொல்லிக்கொள்ள வசதியாயிற்று.

நம் சரித்திரத்தில் இந்த இடம் காலியாக இருப்பதற்கு சர்க்காரின் அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை என்று இதனால்தான் நினைக்கிறேன். பதிவேடு இறங்குதுறையோடு நின்றது உண்மை. மீதியை நாங்களே அழித்தோம். வேலை போனதை வெட்கமாக எடுத்துக்கொண்டவன் தன் சாட்சியத்தைத் தானே கிழித்துப் போடுகிறான். லட்சம் பேருக்கு மூன்று வருஷத்துக்குள் நேர்ந்த ஒன்றை ஒவ்வொருவனும் தன் தலையெழுத்து என்று தனியாக ஒளித்துவைத்தான். 2020 மே மாதத்தில் கொரோனாவின்போது விசேஷ விமானங்களில் வந்திறங்கியவர்களில் சிலர் இதே தெருவுக்குத்தான் வந்தார்கள். அவர்களிடமும் ஊர் அதே மூன்று கேள்விகளைத்தான் கேட்டது. ஒரு பையன் 'லீவுதான் அண்ணாச்சி' என்று என்னிடமே சொன்னான். நானும் தலையை ஆட்டினேன். அதைப் பற்றி இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு ஆவணம். என் அம்மா பீடி சுற்றியவள். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, சுற்றிக் கட்டிக் கொடுப்பாள். கொடுத்த எண்ணிக்கையைக் கடையில் பாஸ் புத்தகத்தில் எழுதுவார்கள். அவள் போனபின் பெட்டியில் அந்தப் புத்தகங்கள் கிடைத்தன. புரட்டினேன். 2009 ஜனவரிவரை வாரத்துக்கு மூவாயிரத்தை ஒட்டி. பிப்ரவரி மூன்றாம் வாரத்திலிருந்து நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு, ஐயாயிரம். செப்டம்பர்வரை அப்படி. நான் மர மில்லில் சேர்ந்த மாதத்தில் மறுபடியும் மூவாயிரம்.

நான் லீவில் வந்திருப்பதாகச் சொன்னதை அவள் ஒரு நாளும் மறுக்கவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கும் அவள் அதையேதான் சொன்னாள். ஆனால் புத்தகத்தில் இருக்கிறது. 2009-ன் சர்வதேச நெருக்கடி தென்காசியில் ஒரு வீட்டுக்குள் வந்து எட்டு மாதம் தங்கியதற்கு வேறு எழுத்துச் சாட்சி எதுவும் இல்லை. ஆச்சியின் குருணைக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லாமற்போயிற்று.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பீடிக் கடை பாஸ் புத்தகமோ, பழைய மணியார்டர் ரசீதோ, அடகுச் சீட்டோ இருந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். திரும்பி வந்தவர்களின் சரித்திரத்தை எழுத என்றைக்காவது ஒருவர் முன்வந்தால், அவருக்கு வேறு ஆதாரம் கிடைக்காது.