கஸ்டெலானியும் நம் தோட்டத்துத் தோல்நோய்களும்

ஊவா மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை தழைத்த கதையை நம் முதியோர் பலவாறு சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்கதையில் துரைமார் வருவர், கங்காணிமார் வருவர். படையும் சொறியும் சேற்றுப்புண்ணும் வருவதில்லை. லயத்துக் காம்பராவில் ஒருவருக்குப் படர்தாமரை கண்டால் மற்றவர்க்கும் தொற்றும் என்பதும், அடைமழையில் கால்விரலிடுக்கு வெந்து போகும் என்பதும் சரித்திரத்தில் எழுதத் தகாத சங்கதிகள் போலும்! ஆயினும் இத்தகைய நோய்களையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட விஞ்ஞானி ஒருவர் இவ்விலங்கையில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்திருக்கிறார். அவர் பெயர் அல்டோ கஸ்டெலானி.

1874இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தவர். உகண்டாவில் பரவிய உறக்கநோயை ஆராயச் சென்ற குழுவில் ஒருவராக இருந்து, நோயாளிகளின் முள்ளந்தண்டு நீரில் அந்நோயின் கிருமியைக் கண்டார். அப்பெருமை அவருக்கா, டேவிட் புரூஸுக்கா என்ற சச்சரவு நெடுநாள் நடந்தது. 1903இல் கொழும்புக்கு வந்து பக்டீரியா ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றார். 1915 வரை இங்கிருந்தார்.

அக்காலத்தில் வன்னியிலும் ஊவாவின் தாழ்நிலமாகிய வெல்லச போன்ற உலர்ந்த பகுதிகளிலும் ஏழைகளை உருக்குலைத்த வியாதி 'பறங்கி' என்பது. உடலெங்கும் புண்ணாகி, பின்னர் எலும்பையும் தின்னும். அரசாங்க வைத்தியத் தலைவர் கின்சி 1881இலேயே இதைப்பற்றி அறிக்கை எழுதினார்; காரணந்தான் புலப்படவில்லை. 1905இல் கஸ்டெலானி பறங்கிப் புண்ணின் நீரை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, திருகாணி போல் முறுகிய மிக மெல்லிய கிருமி தென்பட்டது. அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் மேகநோயின் கிருமியும் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் பார்வைக்கு ஒன்றே போல் இருந்தபடியால், இரண்டும் ஒரே நோய்தானே என்று ஐயுற்றனர். பறங்கியைக் குரங்குகளுக்கு ஏற்றி, அவை பின்னர் மேகநோய்க்கும் ஆளாவதைக் காட்டி, இரண்டும் வேறு என்று கஸ்டெலானி வாதித்தார். அனுமனைத் தொழும் நமக்கு இச்செய்தி சற்றுக் கசக்கும். எனினும் பறங்கியுற்ற ஏழையை ஒழுக்கங்கெட்டவன் என்று தூற்றிய வாய்களுக்கு இவ்வாராய்ச்சி பதில் சொல்லிற்று என்பதையும் மறக்கலாகாது.

தோலில் வளரும் பூஞ்சைகளை வகைபிரித்தது அவருடைய மற்றொரு பெரும்பணி. 1910இல் அவர் விவரித்த செந்நிறப் பூஞ்சையே, டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்ற பெயரில், உலகெங்கும் மனிதர் தோலில் மிகுதியாகக் காணப்படும் படைப் பூஞ்சை என்று இன்று அறியப்படுகிறது. அவ்வாண்டிலேயே, கொழும்பு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சால்மர்ஸுடன் சேர்ந்து வெப்பநாட்டு வைத்தியம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கொப்பரா ஆலைத் தொழிலாளரின் அரிப்புக்குக் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியே காரணம் என்று காட்டியவரும் இவரே. படைக்குப் பூசும் செந்நிற மருந்தொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

தேயிலையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. தேயிலையை முகர்ந்தும் பருகியும் தரம் பார்ப்போருக்கு வரும் ஓர் இருமலை விவரித்து, சளியில் கண்ட பூஞ்சையே காரணம் என்றார். அத்தகைய பூஞ்சைகள் சுகதேகியின் வாயிலும் வாழ்வன என்பதால் அம்முடிவு இன்று உறுதியானதாகக் கொள்ளப்படுவதில்லை. எமக்கு வியப்பளிப்பது வேறு. அந்த இருமலுக்கு 'தேயிலைச் சுவைஞர் இருமல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. தொழிற்சாலையில் தூளைச் சலித்து நாள்முழுதும் தூசியை விழுங்கும் நம்மவர் பெயர் அதில் இல்லை.

காரணத்தை அறிவது ஒன்று, காரணத்தை ஒழிப்பது வேறொன்று. 1912இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கும் நோய்களுக்குமாக இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். வெறுங்காலின் தோல்வழியே புழு நுழைகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. மலசலகூடம் போதாமையால் மீண்டும் ஏறிற்று. கூடம் கட்டும் செலவுக்குத் தோட்டக்காரர் பலர் தயங்கினர்.

கஸ்டெலானியின் பிற்கால வாழ்வைப் புகழ நம்மால் இயலாது. முசோலினியின் ஆட்சியைச் சார்ந்து நின்றார். 1935-36இல் எத்தியோப்பியாமேல் இத்தாலி தொடுத்த அநியாயப் போரில் அப்படையின் சுகாதாரப் பொறுப்பை ஏற்றார். ஏழைகளின் புண்ணை ஆராய்ந்த கரம் அங்கே போய்ச் சேர்ந்ததே! 1971இல் லிஸ்பன் நகரில் காலமானார்.

பறங்கிக்கு 1950களில் பெனிசிலின் ஊசி வந்தது. இந்தியா 2016இல் அந்நோய் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. படை மட்டும் போகவில்லை. வழக்கமான மருந்துக்கு மசியாத புதுவகைப் பூஞ்சையொன்று 2020இல் பெயரிடப்பட்டது; பெயரிலேயே இந்தியா இருக்கிறது. அரிப்பைச் சட்டென்று தணிக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாகவே வாங்கிப் பூசினால், சிவப்பு மங்கும், பூஞ்சையோ உள்ளே பெருகும். நம் இளைஞர்கள் லயங்களுக்குச் செல்லும்போது இதனைச் சொல்லட்டும்: ஒருவருக்குப் படை கண்டால் காம்பராவிலுள்ள அனைவரையும் வைத்தியர் பார்க்கவேண்டும், மறைந்துவிட்டது என்று எண்ணி அவர் சொன்ன நாளுக்கு முன் மருந்தை நிறுத்தலாகாது, துவாயை ஆளுக்கொன்றாக வைத்து வெயிலில் உலர்த்தவேண்டும்.