கஞ்சாவைக் கைவிட வந்தவர்கள்

1989 ஜூனில் கலிபோர்னியாவின் மோரோ பே என்ற கடலோரச் சிற்றூரில் சில சிறு குழுக்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஒன்று, ஆரஞ்ச் கவுண்டியில் ஒன்று என்று தனித்தனியாக நடந்துவந்த குழுக்கள் அவை. வந்தவர்கள் எல்லோரும் வருஷக்கணக்கில் கஞ்சா புகைத்து, விட முடியாமல் திண்டாடியவர்கள். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான், கஞ்சாவை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ‘மரிவானா அனானிமஸ்’ அமைப்பு.

குடிநோயாளிகளுக்கான இத்தகைய அமைப்பு 1935-லேயே ஓஹாயோவின் ஆக்ரன் நகரில் தொடங்கிவிட்டது. மற்ற போதைப்பொருள்களுக்கு 1953-ல் ‘நார்காட்டிக்ஸ் அனானிமஸ்’ வந்தது. கஞ்சாக்காரர்கள் மட்டும் ஏன் இத்தனை காலம் காத்திருந்தார்கள்? ஹெராயின் ஊசியில் செத்துப் பிழைத்தவர்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து நின்று, “எனக்குக் கஞ்சா மட்டும்தான்” என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள ஆளில்லை. அமெரிக்க அரசோ 1930களில், கஞ்சா பைத்தியமாக்கும், கொலை செய்யத் தூண்டும் என்று ஊரையே மிரட்டியது. அந்தப் பூச்சாண்டி அம்பலமானதும் அடுத்த தலைமுறை மறுகோடிக்குப் போனது: இது யாரையும் அடிமையாக்காது என்றது. தடைசெய் என்பவர்களும் அனுமதி என்பவர்களும் போட்ட சத்தத்தில், ‘இதை நிறுத்த வழி சொல்லுங்கள்’ என்று கேட்டவனின் குரல் எடுபடவில்லை.

அந்தக் குரலைக் கேட்டவர்களில் ஒருவர் ராஜர் ராஃப்மன். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் சமூகப்பணி அதிகாரியாக இருந்தபோதே சிப்பாய்களின் கஞ்சாப் பழக்கத்தை ஆராய்ந்தவர். சியாட்டிலில் பேராசிரியரானபின், கஞ்சா வைத்திருப்பவரைச் சிறையில் தள்ளக்கூடாது என்று வாதாடினார். அப்படிப்பட்டவர்தான் 1980களின் நடுவில், பெயர் சொல்லாமல் தொலைபேசியில் பேசலாம் என்று ஊருக்கு அறிவித்து, கஞ்சாவால் தொல்லைப்படுபவர்களைத் தேடினார். இருநூறுக்கும் மேற்பட்டோர் கூப்பிட்டார்கள்.

அவரும் சக ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன்ஸும் நடத்திய குழு சிகிச்சை ஆய்வு 1994-ல் வெளியானது. 212 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு மறுபடி வழுக்காமலிருக்கும் பயிற்சி. மறு பாதிக்கு ஒருவருக்கொருவர் துணையாக உட்கார்ந்து பேசும் குழு. எது வென்றது என்று பார்த்தால், இரண்டும் ஏறக்குறைய சமம்! ஓராண்டு கழித்து அடியோடு விட்டிருந்தவர்கள் சிறுபான்மைதான். ஆனாலும் முன்பைவிடக் குறைத்தவர்கள் பலர்.

இப்படிச் சிகிச்சை தேடி வருபவர் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் ஏறக்குறைய தினமும் புகைத்தவர், ஆறு முறைக்கு மேல் விடப் பார்த்துத் தோற்றவர். தோற்றதற்கு மனவுறுதியின்மை மட்டும் காரணமல்ல. கஞ்சாவின் போதைச்சத்தான டிஎச்சி கொழுப்பில் படிந்து மெல்ல மெல்லத்தான் வெளியேறும். குடியை நிறுத்தியவனுக்கு வரும் கடுமையான நடுக்கமோ வலிப்போ இங்கே பொதுவாகக் கண்ணில் படாது. ஆனால் ஓரிரு நாளில் எரிச்சல் வரும், தூக்கம் போகும், சோறு இறங்காது. தூங்கினால் விசித்திரமான கனவுகள். முதல் வாரம் கடுமை, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். இந்த விலகல் அறிகுறிகளை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் சேர்த்தது 2013-ல்தான்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆலன் பட்னி என்ற ஆய்வாளர் வேறொரு வழியைச் சோதித்தார். வாரத்துக்கு இருமுறை சிறுநீர்ப் பரிசோதனை. சுத்தமாக இருந்தால் பொருள் வாங்கிக்கொள்ள ஒரு கூப்பன். அடுத்த முறையும் சுத்தம் என்றால் கூப்பனின் மதிப்பு ஏறும். ஒருமுறை சறுக்கினால் பழைய அடிமட்டத்துக்கே இறங்கும். வளர்ந்த மனிதர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பரிசா என்று முகம் சுளிக்கலாம். ஆனால் கூப்பன் கிடைத்தவரை ஆட்கள் கூடுதல் நாள் விலகியிருந்தார்கள். கூப்பன் நின்றபிறகும் அந்தப் பலன் நீடிக்க, ஆசை எழும் நேரத்தைச் சமாளிக்கச் சொல்லித்தரும் ஆலோசனை கைகொடுத்தது.

எத்தனை அமர்வு வேண்டும் என்ற கேள்விக்கு 2004-ல் வெளியான மூன்று நகர ஆய்வு ஓரளவு விடை தந்தது. 450 பேரில் ஒன்பது அமர்வு பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 23 பேர் நான்காவது மாதத்தில் கஞ்சாவைத் தொடாமல் இருந்தார்கள். இரண்டு அமர்வு பெற்றவர்களில் 9 பேர். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் 4 பேர். யாருக்கு எந்த நேரத்தில் கை நீளும், புகைக்கும் நண்பன் கதவைத் தட்டினால் என்ன சொல்வது, வீட்டில் ஒளித்துவைத்த பொட்டலத்தை எப்போது வீசுவது என்பதுபோன்ற சில்லறைச் சங்கதிகளே இந்த வகை அமர்வுகளில் பெரிதும் பேசப்படுகின்றன.

2012-ல், சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் மக்கள் வாக்களித்துக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். அந்த முன்மொழிவை முன்வைத்தவர்களில் ராஃப்மனும் ஒருவர். கஞ்சா விற்பனை வரியில் ஒரு பகுதியைத் தடுப்புப் பணிக்கும் சிகிச்சைக்கும் ஒதுக்க வேண்டும், விட விரும்புபவரைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பிவைக்க ஒரு தொலைபேசிச் சேவை நடத்த வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள்.