ஜார்ஜ் டவுன் தெருவோவியங்கள்

ஜார்ஜ் டவுன் தெருவோவியங்கள் என்பன, மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய நகர்ப்பகுதியில் பொதுமக்கள் பார்வைக்கென அமைந்துள்ள சுவரோவியங்களையும் எஃகுக் கம்பிக் கேலிச்சித்திரங்களையும் குறிக்கும். கம்பிச் சித்திரங்களுக்கான திட்டம் 2009 இல் தொடங்கியது. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜகாரெவிச் 2012 இல் வரைந்த சுவரோவியங்கள் இந்நகரின் தெருக்கலையை உலகறியச் செய்தன. நகரின் அன்றாட வாழ்வைச் சித்திரிக்கும் இவை சுற்றுலாவை வளர்த்தன. அதே வேளையில், மரபுரிமைப் பாதுகாப்பு என்பது கட்டடங்களைக் காப்பதா, அங்கு வாழும் மக்களைக் காப்பதா என்ற விவாதத்திலும் இவை இடம்பெறுகின்றன.

பின்னணி

ஜார்ஜ் டவுன் 1786 இல் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியைச் சேர்ந்த பிரான்சிசு லைட்டால் நிறுவப்பட்ட துறைமுக நகராகும். மலாய், சீன, இந்திய, ஐரோப்பிய மக்கள் இங்கு அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினர். நகரின் முதன்மைத் தெருக்களுள் ஒன்றான சூலியா தெரு, சூலியர் என அழைக்கப்பட்ட தமிழ் முசுலிம் வணிகரின் பெயரைத் தாங்கியுள்ளது. கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த கடைவீடுகள் இப்பகுதியின் தனி அடையாளமாகும்.

1948 க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை 1966 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறைவாக வைத்திருந்தது. அச்சட்டத்தின் நீக்கம் 2000 சனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. வாடகை உயர்ந்ததால் பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறின. பல வீடுகள் வெறுமையாயின.

2008 சூலையில் யுனெசுகோ நிறுவனம் மலாக்கா, ஜார்ஜ் டவுன் ஆகிய இரு நகரங்களையும் ஒரே உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஜார்ஜ் டவுனில் மையப்பகுதி 109.38 எக்டேர் பரப்பும், அதைச் சூழ்ந்த காப்புப்பகுதி 150.04 எக்டேர் பரப்பும் கொண்டவை. தெருவோவியங்களுள் பெரும்பாலானவை இவ்வெல்லைக்குள்ளேயே உள்ளன.

எஃகுக் கம்பிச் சித்திரங்கள்

பாரம்பரியக் களத்தைத் தனித்துக் காட்டும் பொதுக்கலைக்காக மாநில அரசு நடத்திய போட்டியில் 'ஸ்கல்ப்சர் அட் ஒர்க்' என்னும் நிறுவனம் தேர்வு பெற்றது. கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்த கோட்டோவியங்கள் எஃகுக் கம்பிகளை வளைத்து உருவாக்கப்பட்டு, தெருச்சுவர்களில் பொருத்தப்பட்டன. இவ்வரிசையில் 52 சித்திரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தான் நிற்கும் தெருவின் கதையொன்றை நகைச்சுவையுடன் சொல்கிறது.

கேனன் தெருச் சித்திரம் 1867 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சுடப்பட்ட பீரங்கிக் குண்டு ஏற்படுத்திய பள்ளத்தை நினைவூட்டுகிறது. சூ ஹோங் சந்தில் உள்ள சித்திரம், ரிக்சா நுழைய இயலாத அளவுக்குச் சந்து குறுகலானது என்பதைக் கேலி செய்கிறது. கயிறு திரிக்கும் தொழிலால் பெயர் பெற்ற பிந்தால் தாலி சாலையிலும் அத்தொழிலைச் சுட்டும் சித்திரம் உண்டு. இவ்வாறு, பெயர்ப்பலகை சொல்லாத தெரு வரலாற்றை இவை நடந்து செல்வோர்க்குச் சொல்கின்றன.

ஜகாரெவிச்சின் சுவரோவியங்கள்

2012 ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் ஜகாரெவிச் பழைய நகரின் சுவர்களில் ஓவியங்களை வரைந்தார். வண்ணத்தால் தீட்டிய உருவங்களோடு உண்மையான பழம்பொருள்களைச் சுவரில் பொருத்தி இணைப்பது இவரது முறையாகும்.

மிதிவண்டியில் சிறுவர்கள்: ஆர்மேனியன் தெருவில் உள்ளது. சிறுமி ஒருத்தி மிதிவண்டி ஓட்ட, பின்னால் அமர்ந்த தம்பி அவளை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறான். சிறுவர்கள் ஓவியம், மிதிவண்டி உண்மையானது.
பழைய மோட்டார்சைக்கிள்: ஆ குவீ தெருவில் உள்ளது. உண்மையான வண்டியின்மேல் அமர்ந்த சிறுவனைக் காட்டுகிறது.
நாற்காலிமேல் சிறுவன்: கேனன் தெருவில் உள்ளது. உண்மையான நாற்காலியின்மேல் நின்று சிறுவன் மேலே கையை நீட்டுகிறான்.
நீல உடைச் சிறுமி: மன்ட்ரி தெருவில் உள்ளது. கட்டடத்தின் இரு சன்னல் மேற்தட்டுகளைக் கைகளால் ஊன்றி நிற்பதுபோல் வரையப்பட்ட பேருருவம்.

இவற்றில் பொருத்தப்பட்ட பொருள்கள் பார்வையாளருக்கு இடம் விடுகின்றன. மிதிவண்டி ஓவியத்தின் அருகில் நின்று தாமும் அதைப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. அப்படங்கள் சமூக வலைத்தளங்களில் பரவியதே இவ்வோவியங்களின் புகழுக்கு முதன்மைக் காரணமாகும்.

பிற படைப்புகள்

2013 இல் தெருவிலங்குகளின் மீது இரக்கத்தை வளர்க்கும் நோக்குடன் '101 தொலைந்த பூனைக்குட்டிகள்' என்னும் திட்டத்தின் கீழ்ப் பூனை ஓவியங்கள் வரையப்பட்டன. மலேசிய ஓவியர் லூயிஸ் கான் வரைந்த 'ஊஞ்சலில் அண்ணன் தங்கை' ஓவியத்தில் ஊஞ்சல் உண்மையானது. உருசிய ஓவியர் யூலியா வோல்ச்கோவா வரைந்த 'இந்தியப் படகோட்டி', துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகு செலுத்திய தொழிலாளரை நினைவூட்டுகிறது. 2014 சனவரியில், கைவிடப்பட்ட ஹின் பேருந்துப் பணிமனை ஜகாரெவிச்சின் தனிக் கண்காட்சியுடன் கலைவெளியாகத் திறக்கப்பட்டது.

அழிவும் பாதுகாப்பும்

கடைவீடுகளின் சுவர்கள் செங்கல்லால் கட்டப்பட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் இச்சாந்தின் வழியாக வெளியேறும். புதுவகை வண்ணப்பூச்சு இவ்வழியை அடைத்தால், ஈரமும் உப்பும் உள்ளே தங்கி மேற்பூச்சைக் கொப்புளித்து உரிக்கும். ஆகவே, எச்சுவரிலும் எவ்வண்ணத்தையும் பூசுவது ஓவியத்துக்கும் சுவருக்கும் கேடாகும். வெயிலும் பருவமழையும் அழிவை மேலும் விரைவுபடுத்துகின்றன. பினாங்குச் சாலையில் இருந்த ரிக்சாக்காரர் ஓவியமும், சியூ படகுத்துறையில் இருந்த 'படகில் சிறுவர்கள்' ஓவியமும் சில ஆண்டுகளிலேயே வெகுவாக மங்கின. தெருவோவியம் காலத்தோடு மறைவதே இயல்பு என்று ஒரு சாராரும், நகரின் அடையாளமாகிவிட்டவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் கருதுகின்றனர். புகழ்பெற்ற சில ஓவியங்கள் மீண்டும் வண்ணம் பெற்றுள்ளன.

விவாதங்கள்

முதல் ஓவியங்களின் வெற்றியைக் கண்டு கடைக்காரர்கள் பலர் தத்தம் சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்தனர். இடத்தோடு தொடர்பற்ற ஓவியங்கள் பாரம்பரியக் களத்தின் தன்மையைக் குறைக்கின்றன என மரபுரிமை ஆர்வலர் குறை கூறினர்.

இதனினும் ஆழமான கேள்வி குடியிருப்போரைப் பற்றியது. வெளியேறியவர்களின் வீடுகள் பல தங்குவிடுதிகளாகவும் நினைவுப்பொருள் கடைகளாகவும் மாறின. ஓவியங்களைத் தேடி வருவோர் கூட்டம் வணிகத்துக்கு வாய்ப்பையும், எஞ்சிய குடும்பங்களுக்கு இரைச்சலையும் வாடகை உயர்வையும் தந்தது. தெருவில் விளையாடும் குழந்தைகளைச் சுவர் காட்டுகிறது. அக்குழந்தைகள் வாழ்வதற்கான வீடுகளோ அத்தெருவில் குறைந்து வருகின்றன. எனினும் வாடகைச் சட்ட நீக்கத்தால் தொடங்கிய இடப்பெயர்வுக்கு ஓவியங்களை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது.

ஓவியத்தின் உரிமை பற்றியும் கேள்வி எழுந்தது. 2024 இல், தமது மிதிவண்டி ஓவியம் வானூர்தி நிறுவனம் ஒன்றின் விமானத்தில் ஒப்புதலின்றிப் பயன்படுத்தப்பட்டதாக ஜகாரெவிச் குற்றஞ்சாட்டினார். எவரும் காணத் திறந்திருக்கும் ஓவியம் எவரும் வணிகத்துக்குப் பயன்படுத்தத் திறந்ததன்று என்பது அவர் தரப்பின் சாரமாகும்.

இவற்றையும் பார்க்க

பினாங்கு
உலக பாரம்பரியக் களம்
சுவரோவியம்