படலைக்கும் நிலைக்கும் இடையில்

வீட்டை அழகுபடுத்துவது என்றதும் இன்று நம் எண்ணம் நேரே உள்ளறைக்குப் போகிறது. சுவருக்கு என்ன நிறம், யன்னலுக்கு என்ன சீலை, எந்த மூலையில் விளக்கு என்று யோசிக்கத் தொடங்குகிறோம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் தீவுகளில், குறிப்பாகப் புங்குடுதீவில், சில தலைமுறைகளுக்கு முன்னர் இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் இடமே இருக்கவில்லை. உள்வீட்டில் நெல்லும் பெட்டகமும் இருந்தன, சுருட்டி வைத்த பாய்கள் இருந்தன, கொடியில் உடுப்புத் தொங்கியது. அங்கே பார்வைக்கென்று வைத்த பொருள் மிகக் குறைவு. கைவேலையும் கவனமும் செலவான இடம், ஒழுங்கையை நோக்கிய படலையிலிருந்து வீட்டின் நிலை வரைக்குமான அந்தச் சிறிய தூரம். வருகிறவரை ஒரு குடும்பம் எப்படி எண்ணுகிறது என்பது அங்கேதான் தெரிந்தது. இந்த வழக்கம் தேய்ந்ததற்குக் காசும் சீமெந்தும் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை முழுதாக ஏற்க முடியவில்லை. அந்த முகப்பு நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டால் மட்டுமே நிலைக்கக்கூடிய ஒன்று. புதுப்பித்த கைகள் போனபோது அதுவும் போயிற்று என்பதே என் வாதம்.

தீவின் இயல்பிலிருந்து தொடங்கவேண்டும். ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்ப்பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டியபோது புங்குடுதீவை மிடில்பேர்க் என்று அழைத்தார்கள். ஆறில்லை, மலையில்லை. வடகீழ்ப் பருவமழை பெய்து போனால் மிச்ச மாதங்களுக்குக் கிணறுதான் கதி, அந்தக் கிணறுகளிலும் பல உவர். கைக்கெட்டியவை பனையும் தென்னையும், சுண்ணாம்புக் கல்லும், கடற்கரை மணலும், பூவரசும் கிளுவையும். நெடுந்தீவில் முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே வேலி கட்டினார்கள், இன்றும் அவை நிற்கின்றன. புங்குடுதீவில் கதியால் நட்டுப் பனையோலையோ கிடுகோ வைத்து அடைத்தார்கள். ஓலைவேலி மழைக்கும் வெயிலுக்கும் நெடுநாள் தாங்காது. உக்கிய ஓலை தோட்டத்து மண்ணுக்கு உரமாகும், வேலிக்குப் புதிய ஓலை வரும். கூரையும் அப்படித்தான். மண்திண்ணை சாணகத்தால் மெழுகப்பட்ட சில நாளிலேயே மறுபடி மெழுகக் கேட்கும். ஆகவே ஒரு வீட்டைப் பார்த்தவுடன் அது எவ்வளவு பணக்கார வீடு என்பதைவிட, அங்கே நேற்று யார் வேலை செய்தார்கள் என்பது முதலில் தெரிந்தது. ஏழ்மைக்கு நல்ல பெயர் சூட்டுவதாக இதை யாராவது சொல்லலாம். ஆனால் கல்லும் சுண்ணாம்பும் வைத்து, நடுவில் முற்றம் விட்ட நாற்சார் வீடு கட்ட வசதி பெற்றவர்களும் திண்ணையைக் கைவிடவில்லை, முற்றத்தைக் கூட்டாமல் விடவில்லை. வசதி வந்தபோது அவர்கள் அந்த முகப்பை இன்னும் விரித்துக் கட்டினார்கள்.

விரித்துக் கட்டியதன் சிறந்த சான்று சங்கடப்படலை. யாழ்ப்பாணத்து வசதியான வளவுகளின் வாசலில் சிறு கூரை போட்டு, இருபுறமும் இருக்கை வைத்து, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க விட்ட வாசல் அது. வீட்டுக்காரரைக் கூப்பிடாமல், பெயர் சொல்லாமல், காரணம் சொல்லாமல் ஒருவர் அங்கே உட்கார்ந்து போகலாம். அருகே மண்பானையில் தண்ணீர் வைப்பதும் உண்டு. பருத்தித்துறையில் வீதிக்கு மேலாகவே கூரை வேய்ந்து நிற்கும் தெருமூடிமடமும், வழியோரச் சுமைதாங்கிகளும், திருவிழாக் காலத்துத் தண்ணீர்ப்பந்தல்களும் இதே எண்ணத்தின் பெரிய வடிவங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிறவர்களின் வழியில் கிடந்த புங்குடுதீவுக்கு வழிப்போக்கர் புதியவர்களல்லர். படலையைக் கடந்தால் முற்றம். தமிழ்நாட்டில் நாள்தோறும் வாசலில் கோலம் இடுவது போல இங்கே பெரும்பாலும் இல்லை, கோலம் பொங்கலுக்கும் விசேட நாள்களுக்கும் வந்தது. அன்றாட அழகு, விடியலில் சாணகம் தெளித்து ஈர்க்குமாறால் கூட்டிய மணல்தான். ஈர்க்கின் கீறல்கள் வரிவரியாகப் படிந்த அந்த மணலில் முதல் அடி வைக்கிறவர் விருந்தாளியாக இருந்தால் அது வீட்டுக்குப் பெருமை. பிறகு கால் கழுவச் செம்பில் தண்ணீர், உட்காரத் தடுக்கோ பாயோ, குடிக்க மூக்குப்பேணி. சாயம் ஏற்றிய ஓலை இழைகளைச் சேர்த்து இழைத்த பன்னப்பாயின் சிவப்பும் பச்சையும் வீட்டுக்குள் இருந்த நிறங்களில் முக்கியமானவை, அவையும் ஆள் வந்தபோதுதான் விரிந்தன.

விசேட நாள்கள் இதே ஒழுங்கைப் பெரிதாக்கிக் காட்டின. கலியாணம் என்றால் படலையில் குலைவாழை, அதற்கு மேல் மாவிலையும் குருத்தோலையும் கலந்த தோரணம். உள்ளே நுழையும் இடத்தில் தலைவாழையிலையில் நெல்லோ அரிசியோ பரப்பி, அதன்மேல் நிறைகுடம், இருபுறமும் குத்துவிளக்கு, பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் பன்னீர்ச் செம்பும். கூரையின் உட்புறம் தெரியாதபடி மேலே வெள்ளை கட்டுவார்கள். மாப்பிள்ளை நடந்து வரும் வழியில் நிலபாவாடை விரியும். குருத்தோலையை மடித்த விதத்தைப் பார்த்தே, வருகிறவர் அது கலியாண வீடா செத்த வீடா என்று அறிந்துகொள்வார். துக்கத்துக்கு வந்தவரையும் முறையோடு ஏற்கவேண்டும் என்ற கருத்து அந்த மடிப்பில் இருந்தது. இதில் எதுவும் மறுவாரம் வரை தாங்காது. வாழை வாடும், குருத்து காயும், வெள்ளை அவிழ்க்கப்படும். அலங்காரம் சேர்த்துவைக்கும் சொத்தாக இருக்கவில்லை. வருகிறவருக்காகச் செலவழித்த உழைப்பாகவே அது கணக்கிடப்பட்டது.

இதற்கு எதிராக முதலில் வரக்கூடிய கேள்வி வேலி. யாழ்ப்பாணத்தானின் வாழ்க்கை வேலிக்குள் அடைபட்டது, அடுத்த வீட்டுக்கும் தெரியாமல் வாழ்ந்த சமூகம் எப்படி வருகிறவரை வரவேற்றிருக்கும் என்று கேட்கிறார்கள். எல்லை வழக்குகளும் கதியால் சண்டைகளும் நீதிமன்றம் வரை போனது உண்மை. ஆனால் வேலியைப் பேசுகிறவர்கள் பொட்டைப் பேசுவதில்லை. அயல் வளவுகளுக்கு நடுவே, ஒருவர் குனிந்து நுழையக்கூடிய அளவில் வேலியில் விட்ட வழி அது. அந்தப் பொட்டு வழியாக நெருப்பும் உப்பும் கறியும் பிள்ளைகளும் போய்வந்தார்கள். வேலி ஒழுங்கையில் போகிறவரின் கண்ணை மறித்தது, வர நினைத்தவரின் காலை மறிக்கவில்லை. உள்வீடு மறைவாக இருந்ததால்தான் வெளிமுகப்பை அவ்வளவு தாராளமாகத் திறந்துவிட முடிந்தது என்றுகூடச் சொல்வேன்.

இரண்டாவது மறுப்பு இவ்வளவு எளிதாகத் தீராது. யாருக்கு வரவேற்பு? சாதி இந்த முகப்பை அங்குலம் அங்குலமாகப் பங்கிட்டிருந்தது. ஒருவர் படலையோடு நிற்கவேண்டும், இன்னொருவர் முற்றம் வரை வரலாம், வேறொருவர் திண்ணையில் உட்காரலாம், சிலருக்கே உள்ளே பாய். வாய் படாமல் குடிக்க வாகாக மூக்கு வைத்து வார்த்த வெண்கலப் பேணி சிலருக்கு நீண்டபோது, தாழ்த்தப்பட்டவருக்குச் சிரட்டை நீண்டது. கலியாண வீட்டில் வெள்ளை கட்டியவர்கள் அந்த வெள்ளையின் கீழ் சமமாக இருக்க முடியவில்லை. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்த பிறகும் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் கதவு திறக்கவில்லை, 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போகவேண்டியிருந்தது. புங்குடுதீவிலேயே இதன் கொடிய முகம் 1971இல் தெரிந்தது. கண்ணகி அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளவேண்டும் என்று கேட்டுச் சத்தியாக்கிரகம் நடந்தது. அதில் நின்ற எழுத்தாளர் மு. தளையசிங்கம் பொலிசாரால் தாக்கப்பட்டார். 1935இல் பிறந்த அவர் 1973இல் மறைந்தார். உவர்நீர் ஊறும் ஒரு தீவில் நன்னீரை மறுப்பதைவிடக் கடுமையான வாசலடைப்பு இருக்க முடியாது.

இந்த மறுப்பை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது என் வாதத்தைச் சாய்த்துவிடுகிறதா என்று பார்க்கவேண்டும். சாதி தன் அளவுகோலைப் படுக்கையறையிலோ சாமியறையிலோ மட்டும் வைத்திருந்தால் போதாது என்று அந்தச் சமூகம் கருதியது. படலையிலும் திண்ணையிலும் தண்ணீர்ப் பாத்திரத்திலுமே அதை வைத்தது. ஒரு வீட்டின் பொருள் முழுவதும் அங்கேதான் எழுதப்பட்டது என்பதால்தான் விலக்கலும் அங்கேயே எழுதப்பட்டது. தளையசிங்கமும் அவரோடு நின்றவர்களும் எவருடைய அறைக்கும் அனுமதி கேட்கவில்லை, தண்ணீரைக் கேட்டார்கள். வரவேற்பின் முதல் பொருள் எதுவோ அதையே அவர்கள் எல்லோருக்கும் உரியதாக்க முயன்றார்கள். பழைய முகப்பை நேசிக்கிறவர்கள் இந்த வரலாற்றை ஒதுக்கிவிட்டு நேசிக்க முடியாது.

இனி உழைப்புக்கு வருவோம். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை, சீதனம் பெண் வழியாகப் போகும் முறையைப் பதிவு செய்கிறது. வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே போயின, அண்ணன்மார் உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டினார்கள். புங்குடுதீவு ஆண்களில் பெருந்தொகையானோர் இருபதாம் நூற்றாண்டில் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்திருந்தார்கள், அல்லது அந்தக் கடைகளில் சிப்பந்திகளாக நின்றார்கள். வருடத்தில் சில வாரங்களே ஊரில் இருந்தார்கள். எனவே முற்றத்துக் கீறலும் திண்ணை மெழுக்கும் தோரணத்தின் நேர்த்தியும் ஊரில் இருந்த பெண்களின் விடியல் வேலை. வேலி அடைத்தல், கூரை மேய்தல், வெள்ளை கட்டுதல் ஆகியவை சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டவர்களின் வேலை. இன்று மனம் கனியப் பேசப்படும் அந்த வீட்டின் இதம் இவர்கள் முதுகில் நின்றது. கடமையாகச் சுமத்தப்பட்டவர்கள் அதைக் கைவிட்டது நியாயமே. பெண்கள் பள்ளிக்கும் உத்தியோகத்துக்கும் போனதும் நியாயமே. முகப்பு மங்கியதற்கு இந்த நியாயமான காரணங்களையும் எண்ணிக்கையில் சேர்க்காத ஏக்கம் அரைகுறையானது.

ஆனால் நியாயமற்ற காரணங்கள்தான் கடைசி அடியை அடித்தன. 1958, 1977, 1983 கலவரங்களில் தெற்கிலிருந்த கடைகள் எரிந்தன. ஊருக்குக் காசு வந்த வழி குறுகியது, இளையவர்கள் கடல் கடந்தார்கள். 1991இல் தீவை இராணுவம் கைப்பற்றியபோது எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். கவிஞர் சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்ற கவிதைத் தொகுப்பு பிறந்தது அந்த வெறுமையிலிருந்து. ஓலையும் மணலும் சாணகமும் மட்டும் கொண்டு செய்த முகப்பு, ஆளில்லாத ஒரு மாரிக்குப் பிறகு என்னவாகும்? கல்வீட்டுச் சுவர் நின்றது, முற்றத்தைப் பற்றை மூடியது. காசும் சீமெந்தும் தனியே செய்ததல்ல இது. காசு பெருகிய நாளில் சங்கடப்படலை கட்டிய அதே சமூகம், ஆள் இல்லாத நாளில் இரும்புக் கேற்றும் உயர்ந்த மதிலும் வைத்தது. பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர் வருடத்தில் சில கிழமை வந்து தங்கும் வீட்டுக்குப் பூட்டும் மதிலும் தேவைப்படுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மரபைக் கட்டடக் கலைஞர்கள் ஏற்கெனவே மீட்டுவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கைவினைக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, நடுமுற்றத்தையும் விறாந்தையையும் நவீன நகருக்குள் கொண்டுவந்தது. அது மிக அழகான வீடு. ஆனால் அந்த அழகு மதிலுக்கு உட்புறம் இருந்தது, தெரு அதில் பங்கில்லாமல் போயிற்று. நாற்சாரின் முற்றத்தை எடுத்துக்கொண்டு சங்கடப்படலையை விட்டுவிட்ட மரபு அது, அதைத்தான் இன்று தீவுகளில் எழும் புதிய மாளிகைகளும் பின்பற்றுகின்றன. மறுபுறம், போருக்குப் பிந்திய வீட்டுத்திட்டங்கள். இந்திய உதவியில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கொடுத்துப் பயனாளியையே முன்னின்று கட்டவைத்த திட்டம், 2016இல் பேசப்பட்ட 65,000 இரும்பு வீடுகளைவிட வடக்கு மக்களுக்கு உவப்பாக இருந்ததற்கு வெக்கையும் செலவும் மட்டும் காரணமல்ல. தாம் கட்டும் வீட்டில் ஒரு திண்ணையையோ பத்தியையோ பின்னர் இழுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையும் அதில் அடங்கியிருந்தது.

மதிலை இடிக்கச் சொல்லவில்லை. மதிலுக்கு வெளியே, ஒழுங்கைப் பக்கமாக, ஒரு சாய்ப்பும் ஒரு சீமெந்து இருக்கையும் ஒரு தண்ணீர்க் குழாயும் வைப்பதற்கு ஆகும் செலவு, கேற்றில் வார்க்கும் சிங்கத்துக்கும் அன்னத்துக்கும் ஆகும் செலவைவிடக் கூடிவிடாது. அதை நாள்தோறும் மெழுகவேண்டியதில்லை, வீட்டில் ஆளில்லாவிட்டாலும் அது கடமை செய்யும். சாதி கேட்டு எழுப்பிவிட அங்கே யாரும் நிற்கமாட்டார்கள் என்பதும் ஒரு நன்மை. ஆளில்லாத ஊரில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்பவருக்கு ஒன்றைச் சொல்லலாம்: நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற, குறிகட்டுவான் போகும் பஸ்ஸை மறிக்கிறவர்கள் அந்த மதில்களுக்கு முன்னால்தான் வெயிலில் நிற்கிறார்கள்.